வானத்துப் புறம்போக்கு

நம் ஊர்க் களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார். ‘லாபம்’ என்பார். அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று எல்லாம். அமெரிக்கர்களும் டிவி சேனலை அப்படித்தான் எண்ணினார்கள். அந்தக் காலத்து அமெரிக்கப் பெட்டியின் திருகைப் பார்த்தால் 2, 3, 4 என்று போய் 13-ல் முடியும். ஒன்று கிடையாது. அந்த முதல் மரக்கால் லாபம் யார் வீட்டுக்குப் போயிற்று என்பதில் ஆரம்பிக்கிறது இந்தக் கதை.

ஒன்றாம் சேனல் நிஜமாகவே இருந்தது. 1948-ல் அதைப் பிடுங்கி, போலீஸ் வண்டி, டாக்ஸி, லாரி என்று ஓடிக்கொண்டே பேசுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது எஃப்.சி.சி. 1934-ல் பிறந்த அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம். நமக்குப் புரிகிற பாஷையில் சொன்னால் ஆகாயத்துக்குத் தாசில்தார் ஆபீஸ். மிச்சச் சேனல்களுக்கு எண்ணை மாற்றியிருக்கலாம். ஆனால் பெட்டிகளின் நெற்றியில் எண் பதிந்துவிட்டது. நெற்றியில் எழுதியதை யாரால் அழிக்க முடியும்? விட்டுவிட்டார்கள்.

ஆக, காட்டுகிறவனுக்கும் பேசுகிறவனுக்கும் வரப்புத் தகராறு செல்போன் வந்த பிறகு முளைத்தது அல்ல. டிவிக்குப் பால்பல் முளைத்த நாளிலேயே மூண்டாயிற்று.

எதற்கு இத்தனை அடிதடி? நிலம் அப்படி. கோயில் திருவிழா நடந்தால் பக்கத்து ஊரில் முதலில் கேட்பது தவில். நாதஸ்வரம் கேட்க இன்னும் கொஞ்சம் நடக்கவேண்டும். அலைகளிலும் ஏறக்குறைய அதே கதைதான். தாழ்ந்த அலைவரிசை வெகுதூரம் போகும், சுவரைத் துளைக்கும், மேட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும். டிவிக்காரர்கள் உட்கார்ந்திருந்தது அந்த நஞ்சையில். செல்போன் கம்பெனிகளுக்குப் பிற்காலத்தில் கிடைத்ததில் பாதி, மேலே இருக்கிற புஞ்சை. அங்கே அலை ஒரு மாமரத்தைப் பார்த்தாலே சோர்ந்துபோகும். நகரத்தில் தெருவுக்கு ஒரு டவர் நட்டுச் சமாளிக்கலாம். வயோமிங் மாநிலத்தில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். அங்கே எத்தனை டவர் நடுவது, யாரிடம் பில் வசூலிப்பது?

1952-ல் எஃப்.சி.சி. பெரிய மனது பண்ணியது. டிவிக்கு 14 முதல் 83 வரை, புதிதாக 70 சேனல்களுக்கு இடம் அளந்து போட்டது. தலைக்கு 6 மெகாஹெர்ட்ஸ், மொத்தம் 420. யூ.எச்.எஃப். என்று பெயர். விலை? ஒன்றுமில்லை. பொதுநலனுக்குப் பாடுபடுவோம் என்று சொன்னால் உரிமம். மானிய நிலம் வாங்கிய மிராசுதார்கள் உருவான கதை இதுதான்.

ஆனால் அந்த நிலத்துக்குப் பாதை இல்லை. வீட்டில் இருந்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 13-க்கு மேல் எண்ணத் தெரியாது. நிகழ்ச்சியை ஒளிபரப்பிவிட்டு, பார்க்க ஆள் இல்லாமல் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. 1961-ல் எஃப்.சி.சி. தலைவர் நியூட்டன் மினோ, ஒளிபரப்பாளர்களைக் கூட்டிவைத்து அவர்கள் முகத்துக்கு நேரே டெலிவிஷனைத் தரிசு நிலம் என்று திட்டினார். அவர் சொன்னது நிகழ்ச்சிகளின் தரத்தை. யூ.எச்.எஃப்.காரர்களுக்கோ அது சர்வே ரிப்போர்ட் மாதிரி கேட்டிருக்கும். அடுத்த வருஷம் சட்டமே போட்டு, இனிமேல் பெட்டிகள் எல்லாச் சேனலையும் பிடித்தாகவேண்டும் என்றார்கள். அப்படியும் 70-க்கு மேலே ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்த நிலத்தை ஏலம் விடலாமே என்று 1959-ல் ஒருவர் கட்டுரை எழுதினார். பெயர் ரொனால்ட் கோஸ், பொருளாதாரப் பேராசிரியர். எஃப்.சி.சி. அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது, ஆணையர் ஒருவர் கேட்ட முதல் கேள்வியே இதெல்லாம் தமாஷுக்கா என்பதுதான். பிற்பாடு 1991-ல் கோஸுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். முதல் ஏலம் நடந்தது 1994-ல். அமெரிக்க அரசாங்கத்துக்கு ஒரு நகைச்சுவை புரிய 35 வருஷம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இடையில் எப்படிக் கொடுத்தார்கள் என்கிறீர்களா? குலுக்கல். 1980-களில் செல்போன் உரிமங்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் குடவோலையில் பெயர் எழுதச் சொந்த மனை வேண்டும், வயது 35-க்கு மேல் வேண்டும், சாஸ்திரம் தெரிந்திருக்கவேண்டும், முன்பு கணக்குக் காட்டாமல் ஓடியவராக இருக்கக்கூடாது. எஃப்.சி.சி. குடத்துக்கு விண்ணப்பத்தை ஒழுங்காகப் பூர்த்தி செய்தால் போதும். டெலிபோனுக்கும் தனக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லாதவர்கள் எல்லாம் எழுதிப்போட்டு, விழுந்ததை நிஜக் கம்பெனிக்குக் கைமாற்றிக் காசு பார்த்தார்கள். பராந்தக சோழன் கொஞ்சம் முன்னெச்சரிக்கையான ஆள்.

நடுவில் 37-ம் சேனலின் கதையைச் சொல்லாமல் போனால் பாவம் பிடிக்கும்.

இல்லினாய் மாநிலத்தில் டான்வில் என்ற ஊர்ப் பக்கம் வானியல்காரர்கள் பிரம்மாண்டமாக ஒரு ரேடியோ தொலைநோக்கி கட்டியிருந்தார்கள். நட்சத்திரங்கள் அனுப்பும் மெல்லிய முணுமுணுப்பை அது கேட்டுக்கொண்டிருந்த இடம் சரியாக 37-ம் சேனல். அதே சேனலில் ஒரு நிலையம் தொடங்க நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரத்துக்கு ஆசை. தாசில்தார் ஆபீஸுக்கு வந்த மனுக்களிலேயே விசித்திரமானது இதுதான். ஒரு பக்கம் பேட்டர்சன், எதிர்க்கட்சி அண்டசராசரம்.

எஃப்.சி.சி. முதலில் சமரசம் பேசியது. தொலைநோக்கியைச் சுற்றி 600 மைலுக்கு யாரும் 37-ஐத் தொடக்கூடாது. மற்ற ஊர்களில் 37 இருந்தால் நள்ளிரவு முதல் காலை 7 மணி வரை வாயை மூடிக்கொள்ளவேண்டும். நட்சத்திரங்கள் நைட் ஷிப்ட் மட்டும் பார்க்கின்றன என்று ஆபீஸில் யாரோ நினைத்திருக்கவேண்டும். ரேடியோ அலைக்குப் பகல் இரவு கிடையாது என்று வானியல்காரர்கள் உலகம் முழுக்கக் கூச்சல் போட்டார்கள். 1963-ல் எஃப்.சி.சி. இறங்கிவந்து, 37-ஐப் பத்து வருஷத்துக்கு யாருக்கும் கிடையாது என்று பூட்டியது. பிறகு அந்தப் பூட்டைத் திறக்கவே இல்லை. மிராசுதார்கள் ஒரு சேனலைச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது இந்த ஒரு தடவைதான். நட்சத்திரங்களுக்கு வக்கீல் கிடையாது, ஆனாலும் ஜெயித்தன.

பேசுகிறவர்கள் பக்கம் வருவோம். 1970-ல் எஃப்.சி.சி. ஈ ஓட்டிக்கொண்டிருந்த 70 முதல் 83 வரையிலான சேனல்களைப் பிடுங்கி, நடமாடும் ரேடியோவுக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்தது. ஏ.டி.அண்ட்.டி. டெலிபோன் கம்பெனி, அத்தனையும் எனக்கே என்று இலையைப் போட்டு உட்கார்ந்தது. இது ஆகாது என்று 1973 ஏப்ரல் 3 அன்று மோட்டரோலா கம்பெனியின் மார்ட்டின் கூப்பர், ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிற ஒரு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு நியூயார்க் நடைபாதையில் நின்று போன் பண்ணினார். யாருக்கு? ஏ.டி.அண்ட்.டி.யின் பெல் ஆய்வகத்தில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்த போட்டியாளர் ஜோயல் எங்கலுக்கு. உலகத்தின் முதல் கைப்பேசி அழைப்பு வெறுப்பேற்றுவதற்காகப் போடப்பட்டது. அந்த மரபு இன்றும் நிற்காமல் ஓடுகிறது. பதின்மூன்று வருஷக் கோப்புப் பயணத்துக்குப் பிறகு 1983 அக்டோபரில் சிகாகோவில் சேவை ஆரம்பித்தபோது, அந்தச் செங்கல்லின் வாரிசுக்கு விலை 3,995 டாலர்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? 1985-ல் பேசுகிறவர்கள் மறுபடி வந்தார்கள். யூ.எச்.எஃப்.பில் இன்னும் எத்தனையோ சேனல் காலியாகக் கிடக்கிறதே, கொஞ்சம் கொடுங்கள் என்றார்கள். நியாயமான கேள்வி. மிராசுதார்களுக்கு வயிற்றைக் கலக்கியது. காலியாகப் போட்டிருக்கிற நிலத்துக்கு ஏதாவது காரணம் சொல்லவேண்டுமே!

அப்போதுதான் ஒளிபரப்பாளர் சங்கத்துக்கு ஜப்பான் ஞாபகம் வந்தது. ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் ஹைடெஃபனிஷன் டிவி என்று ஒன்றைச் செய்துவைத்திருந்தது. அதை 1987 ஜனவரியில் வாஷிங்டனுக்கு வரவழைத்து, எஃப்.சி.சி. ஆணையர்களையும் அரசியல்வாதிகளையும் உட்காரவைத்துக் காட்டினார்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஐயா, நாளைக்கு நாங்களும் இப்படிக் காட்டவேண்டும். அதற்குத்தான் இந்த நிலம். இப்போது டாக்ஸிக்காரனுக்குக் கொடுத்துவிட்டால் வருங்காலம் பாழ் என்று உருகினார்கள். பக்கத்து மனையில் யாரும் குடிசை போட்டுவிடாமல் இருக்க, கோயில் கட்டப்போகிறோம் என்று ஒரு கல்லை நட்டு மஞ்சள் துணி சுற்றுவோமே, அந்த வேலை. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கோயில் கட்டும் உத்தேசம் இல்லை. செலவை நினைத்தாலே காய்ச்சல் வரும்.

கல் வேலை செய்தது. எஃப்.சி.சி. நிலப் பங்கீட்டை நிறுத்திவைத்தது. வினை என்னவென்றால், அரசியல்வாதிகள் கல்லை நிஜமாகவே கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். காரில் ஜெயித்தான், டேப் ரெக்கார்டரில் ஜெயித்தான், டிவியிலும் ஜப்பான்காரன் நம்மை மிஞ்சுவதா? கமிட்டி போட்டார்கள், போட்டி வைத்தார்கள். 1990-ல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்ற கம்பெனி, முழுக்க டிஜிட்டலாகவே செய்துகாட்டுகிறேன் என்று குண்டு போட்டது. டிஜிட்டலில் இந்தப் படத்தை அதே 6 மெகாஹெர்ட்ஸில் மடித்து வைக்கலாம். பக்கத்துப் பக்கத்து மனையில் நெருக்கிக் கட்டினாலும் சண்டை வராது. அதாவது நிலத்தைக் காப்பாற்ற மிராசுதார்கள் இறக்குமதி செய்த சாமியே, இவ்வளவு நிலம் உங்களுக்கு எதற்கு என்று திருப்பிக் கேட்டது.

இருந்தாலும் அவர்கள் சளைத்தவர்கள் அல்ல. பழைய பெட்டி வைத்திருப்பவர்களைக் கைவிடமுடியாது, புதியதையும் காட்டவேண்டும், ஆகவே ஆளுக்கு இன்னொரு சேனல் வேண்டும் என்றார்கள். 1997-ல் கொடுத்தார்கள். இனாமாக. இது இனாம் இல்லையா, மக்கள் சொத்தை அள்ளிக் கொடுப்பதா என்று செனட்டர் பாப் டோல் முன்பே கத்திப் பார்த்தார். இல்லை, கடன்தான், 2006 கடைசியில் ஒன்றைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்று பதில் வந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: அந்தந்த வட்டாரத்தில் 85 சதவீத வீடுகள் டிஜிட்டலுக்கு மாறியிருந்தால்தான் திருப்பவேண்டும். இரவல் வாங்கிப்போன ஏணியை, ஊரில் எல்லாருக்கும் மாடி வீடு வந்ததும் தருகிறேன் என்று சொன்னால் எப்படி? அப்படி. கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பொறுமையிழந்து, சதவீதமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், 2009 பிப்ரவரி 17 என்று தேதி குறித்தது.

நிலம் காலியாவதற்கு முன்பே கிரயம் நடந்துவிட்டது. 2008 ஜனவரி முதல் மார்ச் வரை 52 முதல் 69 வரையிலான சேனல்களின் பெரும்பகுதி ஏலம் போயிற்று. 19 பில்லியன் டாலருக்கு மேல். அதே 2008 ஜனவரியில் நம் டில்லியில் இதே சரக்கை முதலில் வந்தவருக்கு முதல் பந்தி என்று பரிமாறினார்கள். 2012-ல் சுப்ரீம் கோர்ட் 122 உரிமங்களை ரத்து செய்தது. ‘அலைக்கற்றை’ என்ற அருமையான தமிழ்ச்சொல்லை நம் டீக்கடை வரை கொண்டுசேர்த்த புண்ணியம் அந்த விவகாரத்துக்குத்தான். போகட்டும், அது வேறு புராணம்.

அமெரிக்க ஏலத்தில் கூகுளும் கை தூக்கியது. 4.6 பில்லியன் என்ற எல்லையை ஏலம் தாண்டினால், வாங்குகிறவர் எந்த போனையும் எந்தச் செயலியையும் தடுக்கக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. எல்லை தாண்டும் வரை கூகுள் ஏற்றிவிட்டது. தாண்டியதும் கையை இறக்கிக்கொண்டது. மாட்டிக்கொண்டு பணம் கட்டியது வெரைசன் என்ற செல்போன் கம்பெனி.

55-ம் சேனலை முன்பே வாங்கிப்போட்டிருந்த குவால்காம் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? டிவியைத் துரத்திவிட்டுக் கிடைத்த இடத்தில், செல்போனுக்கு டிவி காட்டியது. யாரும் பார்க்கவில்லை. 2011-ல் கடையைச் சாத்தி, நிலத்தை ஏ.டி.அண்ட்.டி.க்கு 1.9 பில்லியன் டாலருக்கு விற்றுவிட்டுப் போனது. டிவிக்குப் பயன்படாத டிவி நிலத்துக்கு இவ்வளவு விலை என்று அன்றைக்கு மிராசுதார்கள் மனதில் குறித்துக்கொண்டிருப்பார்கள்.

குறித்த தேதி நெருங்கியது. பழைய பெட்டிக்காரர்கள் டிஜிட்டலைப் பிடிக்க ஒரு மாற்றுப்பெட்டி வேண்டும். அதற்கு வீட்டுக்கு இரண்டு, தலா 40 டாலர் கூப்பன் என்று அரசாங்கம் அறிவித்தது. நம்மூர் இலவச டிவியை நக்கல் பண்ணுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். கூப்பனுக்கு ஆயுள் 90 நாள். 2009 ஜனவரி பிறந்ததும் பணம் தீர்ந்து, பத்து லட்சத்துக்கும் மேலானவர்கள் வரிசையில் நின்றார்கள். புது ஜனாதிபதி ஒபாமா பதவியேற்றதும் முதல் வேலைகளில் ஒன்றாக, டிவி அணைவதை ஜூன் 12-க்குத் தள்ளிவைத்தார். உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரம் அது. எது அவசரம் என்று ஆள்கிறவர்களுக்குத் தெரியாதா என்ன?

ஹவாய் மாநிலம் அதுவரை காத்திருக்கவில்லை. ஜனவரி 15 அன்றே மாறிவிட்டது. தொழில்நுட்பத்தில் முந்திக்கொள்ளும் ஆசை என்று நினைக்கவேண்டாம். அங்கே ஹலேயாகலா எரிமலை உச்சியில் பழைய டிவி கோபுரங்கள் நின்றன. பக்கத்திலேயே அழிந்துவருகிற ஒரு கடற்பறவை பூமிக்குள் வளை தோண்டி முட்டையிடும். கோபுரத்தை இடிப்பதானால் அது கூடு கட்ட வருவதற்கு முன்பே இடித்தாகவேண்டும். வாஷிங்டனில் இருபது வருஷமாகச் செனட்டர்களும் சங்கங்களும் வக்கீல்களும் நகர்த்த முடியாத தேதியை, ஒரு பறவை தன் பிரசவத்துக்காக முன்னால் இழுத்துக்கொண்டது. இந்தக் கதையில் காரியம் தெரிந்த ஒரே கதாபாத்திரம் அதுதான்.

ஜூன் 12 அன்று மற்ற பல ஊர்களிலும் பழைய டிவி அணைந்தது. எஃப்.சி.சி.யின் உதவி எண்ணுக்கு அன்றைக்கு மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேல் அழைப்பு. ஆன்டெனாவை இப்படியா, அப்படியா என்று கேட்டிருப்பார்கள். மொட்டை மாடியில் கொடைக்கானல் பக்கம் கம்பியைத் திருப்பிவைத்துக்கொண்டு, ‘இப்ப வருதா? இப்ப?’ என்று கீழே பார்த்துக் கத்திய நம் தலைமுறைக்கு அந்த வேதனை புரியும். நம்மிடம் உதவி எண் இல்லை, தம்பி இருந்தான்.

அப்புறம்தான் இன்னொரு பூதம் கிளம்பியது. காலி நிலம் என்று நினைத்த இடத்தில் ரகசியமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஏராளம்: கம்பியில்லா மைக்குகள். பிராட்வே நாடகக் கொட்டகை, தேவாலயம், பள்ளிக்கூட விழா எல்லாம் டிவி சேனல்களின் சந்துபொந்தில்தான் பாடிக்கொண்டிருந்தன. விதிப்படி அந்த மைக்குக்கு உரிமம் வாங்கும் தகுதியே அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடையாது. பாவமன்னிப்பு கேட்கச் சொல்கிற போதகரே ஆக்கிரமிப்புதாரர். 2010 ஜூனுக்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள்.

இதற்குள் ஐபோன் வந்துவிட்டது. பேசுகிறவன் இப்போது பேசுவதை நிறுத்திவிட்டுப் படம் பார்க்க ஆரம்பித்தான். பசி பத்து மடங்காயிற்று. இன்னும் நிலம் வேண்டும். இனிமேல் பிடுங்கினால் மிராசுதார் கோர்ட்டுக்குப் போவார் என்று தெரிந்து, 2012-ல் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது: நிலத்தைத் தானாக விட்டுக்கொடுத்தால் ஏலப்பணத்தில் பங்கு. இனாமாகக் கொடுத்ததைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குவதுதான் திட்டம்.

2016-ல் தொடங்கியது இரட்டை ஏலம். ஒரு பக்கம் டிவிக்காரர்களுக்கு இறங்குமுகம்: இந்த விலைக்குத் தருவீர்களா, இன்னும் குறைத்தால்? மறுபக்கம் போன்காரர்களுக்கு ஏறுமுகம். நியூயார்க்கின் ஒரு நிலையத்துக்கு ஆரம்ப விலை 900 மில்லியன் டாலர் என்று போட்டு ஆசையைக் கிளப்பியிருந்தார்கள். முதல் சுற்றில் 126 மெகாஹெர்ட்ஸுக்கு டிவிக்காரர்கள் கேட்டது 86.4 பில்லியன். போன்காரர்கள் நீட்டியது சுமார் 23. கோயம்பேட்டில் இந்த வித்தியாசத்தில் பேரம் ஆரம்பித்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே நான்கு சுற்று நடந்தது. 86.4 என்பது 54.6 ஆகி, 40.3 ஆகி, கடைசியில் 84 மெகாஹெர்ட்ஸுக்கு 10 பில்லியனில் வந்து நின்றது. போன்காரர்கள் 19.8 பில்லியன் கொடுத்தார்கள். சிகாகோ வட்டாரத்தில் ஒரு மத நிலையம் மட்டும் 304 மில்லியன் வாங்கியது. காற்றை விற்று இவ்வளவு காணிக்கை வேறு யாருக்கும் வந்ததில்லை.

விற்காதவர்களை நெருக்கி உட்காரவைக்கவேண்டுமே, அதுதான் பெரிய பாடு. கல்யாணப் பந்தியில் பெரியப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில் உட்காரமாட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் எதிர் வரிசைக்கு வரமாட்டார்கள் என்று இருக்குமல்லவா? இங்கே இரண்டாயிரத்துச் சொச்சம் நிலையங்கள், யார் யாருக்கு ஆகாது என்று லட்சக்கணக்கில் பட்டியல். இலையோ குறைந்துவிட்டது. ஏலத்தின் ஒவ்வொரு அடியிலும் கம்ப்யூட்டர் இந்தப் பந்தியைப் போட்டுப் பார்த்தது. இதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் பால் மில்க்ரம். 2020-ல் அவருக்கும் நோபல். இந்தத் தகராறில் நிலம் இழந்தவர்கள் உண்டு, பணம் இழந்தவர்கள் உண்டு. பொருளாதாரப் பேராசிரியர்கள் மட்டும் நஷ்டப்பட்டதே இல்லை.

பந்தியில் இடம் மாறியவை 987 நிலையங்கள். அதற்குக் கோபுரம் ஏறத் தெரிந்த ஆட்கள் வேண்டும். ஆயிரம் அடி உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் நாடு முழுக்கவே கொஞ்சம் பேர்தான். பத்துக் கட்டமாகப் பிரித்து 39 மாதம் செய்தார்கள். இதற்கிடையில் எட்டு பில்லியனுக்கு நிலம் வாங்கிய டி-மொபைல், உரிமம் கைக்கு வந்த சில வாரங்களில், 2017 ஆகஸ்டில் முதல் டவரைப் போட்டது. இடம் செயென். மாடுகள் நிறைந்த அதே வயோமிங் மாநிலம்தான். 2020 ஜூலையில், ஊரெல்லாம் முகமூடி போட்டிருந்த சமயத்தில், வேலை அநேகமாக முடிந்தது.

இன்றைக்கு அமெரிக்க டிவி 2-ல் தொடங்கி 36-ல் முடிகிறது. 38 முதல் 83 வரை எங்கும் டிவி கிடையாது. நடுவில் 37 மட்டும் அப்படியே கிடக்கிறது. நட்சத்திரங்களும், ஆஸ்பத்திரியில் நோயாளியின் நெஞ்சில் ஒட்டிய கருவிகளும்தான் அங்கே பேசிக்கொள்கின்றன. டான்வில் தொலைநோக்கியை மூடி வெகுகாலம் ஆயிற்று. பேட்டர்சனுக்கு அந்தச் சேனல் இன்று வரை கிடைக்கவில்லை.